பாட்டில் நோட்டு

போன வாரம் பாளையங்கோட்டையிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். மறுநாள் விலங்கியல் செய்முறைத் தேர்வு போலிருக்கிறது. ஒருத்தி கைப்பேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போக, மற்றவள் பாடம் நடத்தினாள். "பின்னால நீலக் கலர்ல வந்தா ஜெல்லிமீனு. கறுப்புல வந்தா நாடாப்புழு. ஓரத்துல ஸ்கேலு கெடந்தா கடல் வெள்ளரி. வேற ஒண்ணையும் பாக்காத, கொழம்பிருவ."

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. குனிந்து இரண்டு வார்த்தை புத்தி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சேரன்மகாதேவி வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அந்தத் தொழிலில் நான் அவர்கள் இருவருக்கும் மூத்தவள்.

நான் படித்த கல்லூரியின் ஆய்வகத்தில் நுழைந்ததும் பார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும். பிறகு அது துப்பட்டாவோடு வீட்டுக்கு வரும். அம்மா முதலாம் ஆண்டிலேயே என் பாயைத் தள்ளிப் போட்டுவிட்டாள், ஆஸ்பத்திரி வாடை வருகிறதாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா நடவுக்கும் களை பறிக்கவும் போகிறவள். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அந்த வீட்டுக்குள் அப்படியொரு வாடையைக் கொண்டுவந்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்த முதல் ஆளும் நான்தான். இதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொள்வதில்லை. அப்போதும் சொன்னதில்லை. பத்தாம் வகுப்பு முடித்த அன்றைக்கே இனி வயலில் கால் வைக்கமாட்டேன் என்று அறிவித்துவிட்டேன். யாரும் கேட்டிருக்கவில்லை.

உலகத்து விலங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு முதுகெலும்பு கிடையாது. அதை அவை ஒரு குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஆய்வகத்துச் சுவரலமாரியில் அவை கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு வரிசையாக இருந்தன. அடியில் உடம்பெல்லாம் துளையான கடற்பஞ்சு. அதற்கு மேல் ஒரே வாயால் உண்டு அதே வாயால் கழிக்கும் குழியுடலிகள். பிறகு தட்டைப்புழு, உருளைப்புழு, உடம்பை வளையம் வளையமாகப் பிரித்துக்கொண்ட மண்புழுவும் அட்டையும். அப்புறம் கணுக்காலிகள், மெல்லுடலிகள். உச்சியில் நட்சத்திரமீன், கடலைத் தவிர வேறெங்கும் வாழமாட்டேன் என்கிற முட்தோலிகளின் பிரதிநிதியாக. உடம்பை இரண்டு சம பாதியாக வெட்ட முடியுமா, உள்ளே உடற்குழி உண்டா, வளையம் உண்டா, காலில் கணு உண்டா என்று கேட்டுக்கொண்டே போனால் விலங்கு தானாகத் தன் தட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எவ்வளவு ஒழுங்கான ஏற்பாடு என்று எனக்கு மயக்கமே வந்தது.

அம்மாவும் ஒரு வகைப்பாடு வைத்திருந்தாள். அதில் மூன்றே தொகுதிகள். கடிப்பது, குழம்புக்கு ஆவது, சும்மா கிடப்பது. நண்டும் வயல் நத்தையும் இரண்டாவது தொகுதியில் ஒன்றாக இருந்தன. ஒன்று கணுக்காலி, மேலே கெட்டி ஓடு. மற்றது மெல்லுடலி, நடப்பதற்கு ஒற்றைத் தசை. இரண்டையும் ஒரே சட்டியில் போடலாமா என்று ஒருநாள் அவளிடம் கேட்டேன். போடலாம், நண்டை முதலில் போட வேண்டும் என்றாள்.

கடிப்பதில் அட்டைக்குத்தான் முதலிடம். நடவு முடிந்து வரப்பேறியதும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி காலை ஒருத்தி பார்ப்பார்கள். வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பில் ஒரு பொட்டுத் தொட்டு வைத்தால் அட்டை சுருண்டு விழும். ரத்தம் மட்டும் நிற்காமல் வடிந்துகொண்டிருக்கும். சிறுவயதில் நாற்றுமுடி எடுத்துக் கொடுக்கப் போய் நானும் கடி வாங்கியிருக்கிறேன். இடது கணுக்காலுக்கு மேல் இன்றும் ஒரு தழும்பு இருக்கிறது. பின்னால் வரப்போகிற கதையில் என் நிலைமையை அது இன்னும் மோசமாக்கும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. முதுகெலும்பற்றவை செய்முறைத் தேர்வில் முதலிடம் பெறுகிறவர், ஆண்டுக் கண்காட்சியில் வெள்ளைக் கோட்டு போட்டு அந்த மேசைக்குப் பின்னால் நின்று, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வார். எனக்கு அந்தக் கோட்டு வேண்டியிருந்தது. நான் கோட்டு போட்டு நின்று பேசுவதை அம்மா எதிரில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அவளை வரச் சொல்லிவிட்டேன். அவள் ஊரில் மற்றவர்களிடம் சொல்லிவிட்டாள்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதுதான் பாட்டில் நோட்டு. தேர்வில் பாட்டில்களை வரிசையாக வைத்து, பெயர்ச்சீட்டை உரித்துவிடுவார்கள். ஒவ்வொன்றின் முன்னும் இரண்டு நிமிடம் நிற்கலாம். மணி அடித்தால் நகர வேண்டும். உள்ளே கிடப்பவையோ பல வருடம் ஊறி, எல்லாம் ஒரே பழுப்பாகிவிட்டவை. அதனால் மாணவிகள் விலங்கைப் படிப்பதில்லை, பாட்டிலைப் படித்தார்கள். பச்சை மூடி என்றால் கடல் சாமந்தி. கழுத்தில் விரிசல் என்றால் கடற்பஞ்சு. அடியில் பூ அச்சுப் போட்ட பழைய ஜாம் பாட்டில் என்றால் ஆட்டு ஈரலில் வாழும் தட்டைப்புழு. இது அக்காமார்களிடமிருந்து தங்கைமார்களுக்கு இரண்டு பக்கத் தாளாக வந்துகொண்டிருந்தது. நான் அதை இரண்டு பக்கத்தில் விடவில்லை. நாற்பது பக்க நோட்டு வாங்கி, பாட்டில்களைப் படமாக வரைந்து, விரிசல்களுக்குச் சிவப்பு மை போட்டு, எதிர்ப்பக்கத்தில் தொகுதி, வகுப்பு, பண்புகள் எல்லாம் எழுதினேன். வகுப்பே அதைப் பிரதி எடுத்தது. ரஹ்மத் மட்டும் எடுக்கவில்லை. மேலப்பாளையத்துக்காரி, என் பக்கத்து இருக்கை. அந்த வாரம் அவள் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணம். திரும்பி வந்தபோது நோட்டு யாரிடமோ இருந்தது. அவள் வேறு வழியில்லாமல் பாடப்புத்தகத்தைப் படித்தாள்.

தேர்வுக்கு முந்தின நாள் ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி பாட்டில்களைத் துடைத்திருக்கிறார். அட்டை இருந்த பாட்டில் கீழே விழுந்து உடைந்திருக்கிறது. ஜாம் பாட்டிலிலிருந்த தட்டைப்புழு ஏற்கெனவே நைந்து நூலாகப் போயிருந்ததால், அதைக் கொட்டிவிட்டு அட்டையை அதில் போட்டுப் புது பார்மலின் ஊற்றி வைத்திருக்கிறார். கவனமான மனிதர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

ஏழாவது பாட்டில் அதுதான். நான் முதலில் குனிந்து அடியைப் பார்த்தேன். பூ இருந்தது. தட்டைப்புழு, உடற்குழி கிடையாது, வளையங்கள் கிடையாது, ஆட்டு ஈரலில் ஒட்டுண்ணி என்று ஒரு நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் என் கையெழுத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மையார் வாய்மொழித் தேர்வில் என் விடைத்தாளைப் புரட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். அம்பாசமுத்திரம் பக்கம் என்றேன். வீட்டில் என்ன வேலை என்றார். வயல் வேலை என்றேன். ஜாம் பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே உடம்பு முழுக்க வளையங்களோடு, இரண்டு முனையிலும் உறிஞ்சியோடு, இதைவிட அட்டையாக இருக்க முடியாது என்கிற மாதிரி ஓர் அட்டை கிடந்தது. ரஹ்மத்தைத் தவிர வகுப்பு மொத்தமும், ஒரே வரிசையில், ஒரே சொற்களில், தட்டைப்புழு என்று எழுதியிருந்தது அவருக்குத் தெரியும். சிவப்பு மைக்காரி யாரென்றும் தெரிந்திருக்கலாம்.

ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் ரஹ்மத் முதலிடம்.

கண்காட்சி அன்று காலையில் அவள் கோட்டை மடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நீ போட்டுக்கோட்டி. ஒங்கம்மா வாராங்கள்லா. ஒரு மணி நேரம், யாருக்குத் தெரியப்போவுது?"

எனக்குத் தெரியும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். நேர்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். வீம்புதான். எனக்குச் சந்தனக் கிண்ணம் கொடுத்து வாசலில் நிறுத்தினார்கள்.

அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். வாசலில் என்னைப் பார்த்தாள், சந்தனத்தைப் பார்த்தாள், உள்ளே போனாள். நட்சத்திரமீனைப் பார்த்தாள். கடற்பஞ்சைப் பார்த்தாள். ஜாம் பாட்டில் முன்னால் நின்றுவிட்டாள்.

"இது நம்ம அட்டைல்லா?" என்றாள்.

ரஹ்மத் அவளுக்கு மரியாதையாக முழு விளக்கமும் சொன்னாள். வளைத்தசைப் புழுக்கள் தொகுதி, வளையங்கள், முன்னும் பின்னும் உறிஞ்சி, ரத்தம் உறையாமலிருக்க எச்சிலில் ஒரு பொருள். அம்மா தலையாட்டிக் கேட்டாள். கடைசியில், "நீ கடி வாங்கிருக்கியாம்மா?" என்றாள்.

"இல்ல பெரியம்மா."

"பொறவு எப்படித் தெரிஞ்சுது?"

"பாத்தேன். தெரிஞ்சுது."

திரும்பும் பஸ்ஸில் நானாகவே எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டு, சிவப்பு மை, பூ அச்சு எல்லாம். முக்கூடல் விலக்கில் பஸ் நின்றபோது அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"அட்டையத் தெரியலன்னு எழுதிட்டு வந்திருக்க."

"தெரியலன்னு எழுதல. வேற என்னமோன்னு எழுதிட்டேன்."

"அது இன்னும் மோசம்லா" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். ஊர் வந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "சந்தனக் கிண்ணத்தோட நல்லாத்தான் நின்ன" என்றாள். ஆறுதல் சொல்கிறாளா, கிண்டலா என்பது இன்றுவரை தெரியாது.

அடுத்த மழைக்காலத்துப் பிசான நடவுக்குள் கதை ஊர் முழுக்கப் போய்விட்டது. வேலை முடிந்து போகும் பெண்கள் எங்கள் வாசலில் நிற்பார்கள். ஒருத்தி வைக்கோல் நுனியில் ஓர் அட்டையைச் சுற்றிக்கொண்டுவந்து என் புத்தகத்துக்கு நேரே நீட்டினாள். "ஏட்டி காலேஜு, இது எந்தப் பாட்டிலுட்டி?" நான் முகத்தை நிமிர்த்திக்கொண்டு, தொகுதி, வகுப்பு, இனம் என்று முழுசாகச் சொன்னேன். அவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

இதெல்லாம் நடந்து கொஞ்சகாலம்தான் ஆகிறது என்று எனக்குத் தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படியில்லை. இப்போது என் வகுப்பில் பாட்டில்களும் இல்லை, சுவரில் திரைதான். பிள்ளைகள் ஒரே ஒருமுறையாவது உயிருள்ள ஒன்றை, அது நெளியும்போது, வளையங்கள் நீண்டு சுருங்கும்போது பார்த்துவிடட்டும் என்று போன பிசானத்தில் ஒரு முடிவெடுத்தேன். கையில் மூடியில் துளை போட்ட டப்பாவோடு, அம்மா நடவு நட்ட அதே வயலுக்குப் போனேன். இப்போது அங்கே எந்திரம் நடுகிறது. களைக்கு மருந்து அடிக்கிறார்கள். சுடிதாரை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, காலை அசைக்காமல் நின்றேன். அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை.

அம்மா வரப்பில் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூட்டுவலி வந்து அவள் வேலைக்குப் போவதை நிறுத்தி நாளாகிறது.

"ஒன் காலு அதுக்குப் பழக்கமில்லட்டி" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பைய இறங்கி வந்தாள். "ஏங்காலத் தெரியும்."

இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தண்ணீர் தெளிந்து அடிமண் தெரிகிற வரைக்கும் நின்றோம். ஒரு நத்தை இல்லை, ஒரு நண்டு வளை இல்லை. அட்டை இல்லையே என்று வருத்தப்படுகிற முதல் ஆளும் எங்கள் குடும்பத்தில் நானாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அம்மா குனிந்து, தன் காலைச் சுற்றித் தண்ணீரைக் கையால் மெல்ல அளைந்துகொண்டிருந்தாள்.

பிறகு வரப்பேறினோம். பழக்கத்தில் நான் அவள் கால்களைப் பார்த்தேன், அவள் என் கால்களைப் பார்த்தாள். நான்கும் சுத்தமாக இருந்தன.