பிடி என்றால் பிடிக்கும் கை

அந்தத் தெருவில் போய்க் கண்ணாடிக்கடை எது என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரு கடையில் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுப்பார்கள். நேர் எதிர்க்கடையில் கண்ணைச் சோதித்து மூக்குக்கண்ணாடி கொடுப்பார்கள். இரண்டு பேரும் பலகையில் 'கண்ணாடி' என்று மட்டும் பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். பார்வை மங்கியவர்கள் இந்தக் கடைக்கு வந்து, "தூரத்துல இருக்கிறது தெரியலைங்க" என்பார்கள். பந்து பட்டு ஜன்னல் உடைந்தவர்கள் அந்தக் கடைக்குள் நுழைந்து, "ரெண்டு அடிக்கு மூணு அடி" என்பார்கள். பலகையை மாற்றி எழுதினால் முடிந்துபோகிற விஷயம். ஆனால் இரண்டு பேருமே மாற்றவில்லை. ஏன் என்று தெருவுக்கே தெரியும், அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியாது.

நம்ம ஆள் ஜன்னல் கண்ணாடிக்காரர். முதலாளி என்று ஒருத்தர் இருந்தாலும் கடையைப் பார்த்துக்கொள்வது இவர்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பிறக்கும்போதே இடது கை மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அதற்காக அவர் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. மணிக்கட்டு நுனியால் ஸ்கேலை அழுத்திக்கொண்டு வலது கையால் கண்ணாடியைக் கீறினார் என்றால் கோடு நூல் பிடித்த மாதிரி விழும். ஆனால் அந்த நுனியை மட்டும் வெளி ஆள் யாருக்கும் காட்டமாட்டார். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். சட்டையின் இடது கை நுனியை அக்கா தைத்து மூடிக் கொடுத்திருப்பாள்.

எதிர்க்கடை அம்மையாருக்கும் அதே வயதுதான் இருக்கும். கல்யாணப் பேச்சை எடுத்தால், "மேல் வரிசை எழுத்தைப் படிங்க" என்று பேச்சை மாற்றிவிடுவார். தப்பாக வந்த வாடிக்கையாளரைக் கண்ணாடிக்காரர் அங்கே கூட்டிக்கொண்டு போவார். "உங்க ஆளு ஒருத்தர் வழி மாறி வந்துட்டார், மேடம்." அவரும் ஒரு ஆளைக் கூட்டிவந்து, "உங்க ஆளு இவரு, கண்ணாடிக்காரரே" என்பார். வருஷக்கணக்கில் நடந்த காதல் இவ்வளவுதான். கேட்கிற எனக்கே எரிச்சலாக வருகிறது, பார்த்துக்கொண்டிருந்த தெருவுக்கு எப்படி இருந்திருக்கும்.

கண்ணாடிக்காரர் அக்கா வீட்டில்தான் இருந்தார். அக்கா புருஷன், அதாவது அவருடைய அத்தான், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிக்கெட் கிழிக்க வேலையில்லாமல் போனதும் எதிர்காலத்தைக் கிழிக்க ஆரம்பித்துவிட்டார். தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே பாட்டு.

"இன்னும் கொஞ்ச வருஷம்தான், மச்சான். ஊரையே நாலு கம்பெனி வாங்கிடும். சுவர் முழுக்க விளம்பரம் கலர் கலரா எரியும். பொழுதன்னைக்கும் மழை பெய்யும். மனுஷன் பாதி, மெஷின் பாதின்னு நடப்பான்."

"மழை எதுக்கு?" என்றாள் அக்கா.

"அது அப்படித்தான். இருட்டு, மழை, மெஷின். மூணும் சேர்ந்துதான் வரும்."

"துணி காயப் போட்டிருக்கேன். வர்றதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க."

அத்தானுக்கு அந்த எதிர்காலத்தின் மேல் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். கொள்ளை ஆசை. நீளமாக ஒரு கறுப்பு மழைக்கோட்டு வாங்கி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எந்தக் கம்பெனியோ மின்சாரக் கையைச் சோதனைக்காக இலவசமாகத் தருகிறது என்று கேள்விப்பட்டதும் மச்சானைக் கேட்காமலே பெயரைக் கொடுத்துவிட்டார். பெட்டி வந்து இறங்கியது. கூடவே வந்த நிபந்தனைகளை அத்தான் நின்றுகொண்டு வாசித்தார். கை கம்பெனியின் சொத்து. கையின் காதில் விழுவதெல்லாம் கம்பெனியின் காதிலும் விழும். வாசிக்க வாசிக்க அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது.

"கைக்குக் காது எதுக்கு?" என்று கேட்டாள் அக்கா.

காது இருந்தது, அதுதான் வினையே. 'பிடி' என்றால் பிடிக்கும், 'விடு' என்றால் விடும். யார் சொன்னாலும் கேட்கும், அவ்வளவு அடக்கமான கை. முட்டையை உடைக்காமல் பிடிக்கும் என்று படம் போட்டிருந்தார்கள். ஆனால் தமிழ் பேசுகிற மனுஷனுக்குப் பத்து வார்த்தையில் ஒன்று 'விடு' என்பதைக் கம்பெனியில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. முதல் நாளே ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். விலை பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் சலித்துப்போய், "சரி விடுங்க, நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றார். கை விட்டது. முதலாளி ஓடிவந்து, தலையில் கை வைத்துக்கொண்டு, பெரிய மனதோடு, "போனாப் போகுது, விடு" என்றார். அதற்குள் கை எடுத்துப் பிடித்திருந்த இன்னொரு கண்ணாடியும் போனது. மறுநாள் கடையில், 'இங்கே அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டாம்' என்று பலகை வைத்தார்கள். வருகிறவர்களெல்லாம் எந்த வார்த்தை என்று கேட்டார்கள், பாவம், அவர்களுக்கு யாரும் பதில் சொல்ல முடியவில்லை.

'பிடி' இன்னும் மோசம். அக்கா சாப்பாடு போட்டுவிட்டு, "பிடிச்சிருக்கா?" என்று கேட்டாள். கை தட்டைக் கவ்விக்கொண்டது. "பிடிச்சிருக்குக்கா" என்றார், இன்னும் இறுகியது. "பிடிக்கலைன்னா சொல்லுடா" என்றாள், கைக்குள் சக்கரம் இன்னும் ஒரு பல் இறுகி, தட்டு வளைந்தது. 'பிடி' என்று ஆரம்பிக்கிற எந்தப் பேச்சும் அதற்குப் பிடிதான். ஆசையா வெறுப்பா என்கிற வித்தியாசமெல்லாம் அதற்குக் கிடையாது.

உடைந்த கண்ணாடிக்காகக் கம்பெனியிடம் முறையிட்டார்கள். அவர்களும் உடனே சரிசெய்தார்கள், செய்யாமல் இருந்திருக்கலாம். போனில் ஒரு குரல் வந்தது. "அன்பு வாடிக்கையாளரே, இனி உங்கள் கை 'விடு' என்ற சொல்லுக்கு விடாது. விடுவிக்க வேண்டுமானால் எங்கள் சேவை மையத்தை அழைக்கவும்." அதாவது, பிடிக்கிறது இவர் கையில், விடுகிறது அவர்கள் கையில். அத்தான் மழைக்கோட்டைத் தூசி தட்டினார்.

அதற்குப் பிறகு கண்ணாடிக்காரர் கடைக்குப் போகும்போது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனார். கழற்றி வைத்துவிட்டுப் போகலாமே என்றாள் அக்கா. ஆனால் எதிர்க்கடை மேடம் ஒருநாள், "புதுக் கையா? நல்லா இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருந்தார். இனி மனுஷன் கழற்றுவாரா.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. மேடத்தின் கடையைக் கட்டடக்காரர் திரும்பக் கேட்டுவிட்டார். அங்கே ஒரு பெட்டி வைக்கப் போகிறார்களாம். முகத்தை நீட்டினால் பெட்டியே கண்ணைப் பார்த்து, பெட்டியே கண்ணாடியைத் துப்பிவிடுமாம். மேடம் சனிக்கிழமை காலி செய்துகொண்டு வெளியூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டோடு போகிறார். அத்தான் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தபோது, "பார்த்தியா, ஆரம்பிச்சிருச்சு" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். மச்சான் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது.

"போறதுக்குள்ள சொல்லிடுடா" என்றாள் அக்கா.

"என்னன்னுக்கா சொல்றது?"

அதுதானே. சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றுதான், அந்த வார்த்தையைத்தான் சொல்ல முடியாது. வேறு வார்த்தை தேடி மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 'காதல்' என்றால் கூச்சமாக இருக்கிறது என்றார். 'நேசிக்கிறேன்' என்று அத்தான் எடுத்துக் கொடுத்தார், சொல்லிப் பார்த்ததில் மேடைப் பேச்சு மாதிரி இருந்தது. 'விரும்புகிறேன்' என்றால் மேடம் கண்ணாடிச் சட்டம் எடுத்துக் காட்டுவார் என்றாள் அக்கா. கடைசியில், "எனக்கு உங்க மேல நல்ல அபிப்பிராயம் இருக்கு" என்பதை மனப்பாடம் செய்துகொண்டு சனிக்கிழமை காலையில் எதிர்க்கடைக்குள் நுழைந்தார்.

மேடம் நாற்காலி மேல் ஏறி நின்று, சுவரிலிருந்து எழுத்துப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேலே பெரிய எழுத்தும் போகப் போகச் சின்ன எழுத்துமாக இருக்குமே, அந்தப் பலகை.

"மேடம், எனக்கு உங்க மேல நல்ல..."

"அய்யோ, நழுவுது. கண்ணாடிக்காரரே, அந்தப் பக்கம் பிடிங்க."

கை பிடித்தது. பலகையையும் பிடித்தது, பலகையை இறக்கிக் கொடுத்த மேடத்தின் வலது கை விரல்களையும் சேர்த்துப் பிடித்தது. மேடம் நாற்காலியிலிருந்து இறங்கி இழுத்துப் பார்த்தார். வரவில்லை.

"விடுங்க" என்றார்.

"விட முடியாது, மேடம். நான் இல்லை, கம்பெனி."

கண்ணாடிக்காரருக்குக் காது வரை சிவந்துவிட்டது. வலது கையால் போனை எடுத்துச் சேவை மையத்தை அழைத்தார். தேனில் ஊறிய குரல் ஒன்று வந்தது.

"உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. கையை விடுவிக்கும் முன் ஒரு சிறு கேள்வி. எங்கள் சேவை உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?"

டக் என்று கை ஒரு பல் இறுகியது.

"பிடிக்கவே இல்லைன்னு சொல்லுங்க" என்றார் மேடம்.

டக்.

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க மேடம்." அவர் போனைப் பார்த்து, "சேவை நல்லா இல்லைங்க" என்றார்.

"மன்னிக்கவும், புரியவில்லை. பிடித்திருக்கிறது அல்லது பிடிக்கவில்லை என்று சொல்லவும்."

டக், டக்.

கொடுமையைப் பாருங்கள். பிடிக்கிறது என்றாலும் இறுகும், பிடிக்கவில்லை என்றாலும் இறுகும். பதில் சொன்னால்தான் விடுதலை, பதிலைச் சொன்னால் விரல் நசுங்கும். அத்தான் சொன்ன மழையும் இருட்டும் எதற்கு, இது ஒன்று போதாதா? வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. மேடம் இடது கையால் எட்டி போனை அணைத்தார்.

அதற்குள் தெருவே வாசலில் கூடிவிட்டது. அத்தான் எப்படித்தான் மோப்பம் பிடித்தாரோ, அந்த வெயிலில் மழைக்கோட்டோடு வந்து நின்றார். கண்ணில் தண்ணீர். "நான் சொன்னேன்ல" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். பிறகு ரம்பம் கொண்டுவரட்டுமா என்று கேட்டார். பின்னாலேயே வந்த அக்கா அவர் கோட்டைப் பிடித்து இழுத்து, "பஸ்ல உள்ள போங்க, உள்ள போங்கன்னு ஊரையே அடைச்சது போதும், இப்ப வெளியே வாங்க" என்று கூட்டத்தையும் சேர்த்து விலக்கிக் கதவைச் சாத்தினாள்.

உள்ளே இரண்டு பேரும் நடுவில் பலகையுமாக நின்றார்கள்.

"வலிக்குதா மேடம்?"

"இறுக்கமா இருக்கு, அவ்வளவுதான். நீங்க எதையோ சொல்ல வந்தீங்களே."

கண்ணாடிக்காரருக்கு மனப்பாடம் செய்த அபிப்பிராயம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆளைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, நகர விடாமல் நிறுத்தி வைத்துக்கொண்டு இதைக் கேட்கிறதா? மாட்டேன் என்று சொல்ல நினைத்தால் பாவம், எங்கே போவார்? இதையேதானே அந்தக் கம்பெனியும் செய்கிறது. அவருக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

முழங்கைக்குக் கீழே இருந்த பட்டையை வலது கையால் அவிழ்த்தார். பல்லால் ஒரு வாரை இழுத்தார். மின்சாரக் கை பலகையோடும் மேடத்தின் விரலோடும் அங்கேயே நின்றுவிட, இவர் மட்டும் விலகி ஓர் அடி பின்னால் வந்தார். சட்டைக் கை மேலேறி, அத்தனை வருஷமாக யாருக்கும் காட்டாத மணிக்கட்டு வெளிச்சத்தில் தெரிந்தது. மறைக்க வேண்டும் போல்தான் இருந்தது, மறைக்கவில்லை. கண்ணைச் சோதிக்கிறவர் அல்லவா, மேடம் அதை நிதானமாகப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை, அய்யோ பாவம் என்றும் பார்க்கவில்லை.

"இப்ப நீங்க போகலாம் மேடம். கதவு பக்கத்துலதான். சாயங்காலம் சார்ஜ் தீர்ந்தா அதுவே விட்டுடும்." மூச்சை இழுத்துக்கொண்டார். "போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிக்கிறேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளாவே பிடிச்சிருக்கு."

டக், டக்.

"ஆ" என்றார் மேடம். "ஒரு தடவை சொன்னாப் போதாதா?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, பலகையையும் கையையும் மடியில் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எனக்கும்தான்" என்றார் மேடம். "முழுசாச் சொல்ல மாட்டேன், விரல் தாங்காது."

பிறகு மேஜை மேல் இருந்த தன் போனை முகவாயால் காட்டினார். "அண்ணன் நம்பரை அழுத்துங்க. ஸ்டேஷனுக்கு வந்து காத்துக்கிட்டிருக்கப் போறார்."

கண்ணாடிக்காரர் நம்பரை அழுத்தி, போனை அவர் காதோரம் வைத்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது, அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"அண்ணா, நான் வரலை" என்றார் மேடம். "இல்லைண்ணா, பயப்படாதே. நல்லாத்தான் இருக்கேன். இங்க கை மாட்டிக்கிச்சு."