தலைவர் படத்தில் வந்த குழந்தை

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அம்மாவின் மனசு நோகுமோ என்ற பயம்தான். திருப்பாச்சூர் ஈஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு இன்று எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் ஆரம்பாக்கத்தில் இருந்தோம். தேர்தல் சமயம். காலமான ஒரு தலைவரின் பழைய பிரசாரப் படங்களை ஒன்றாகச் சேர்த்து, திரை கட்டிய வேனில் ஊர் ஊராகக் காட்டினார்கள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நரைத்த தலையோடு ஜெயிலிலிருந்து வந்தவர், அடுத்த நிமிஷம் கறுத்த மீசையோடு ஜீப்பில் போனார். செத்துப்போனவர் திரையிலிருந்து கும்பிட, கீழே நின்றவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

திடீரென்று திரையில் அம்மா! கைக்குழந்தையை ஜீப்புக்கு நீட்டுகிறாள். தலைவர் வாங்கி, மைக்கில் ஒரு பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்.

"அது நான்தானே?" என்று குதித்தேன். அம்மா வேன்காரரிடம் ஓடினாள்.

"அண்ணே, அந்தக் கொயந்தய இன்னொரு தபா காட்டுங்கண்ணே."

"அடுத்த ஊர்ல காத்துக்கினு கீறாங்கம்மா. வேணும்னா அங்க வந்து பாத்துக்கோ."

அப்பா எதிர்க்கட்சிக்காரர். அந்த வேன் பக்கமே வராதவர். சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்தார். அம்மா அவரிடம் ஏதோ சொன்னாள். மனுஷன் முகம்கூடக் கழுவவில்லை. சைக்கிளைத் திருப்பி, "ஏறு" என்றார்.

அடுத்த ஊரில் அந்தக் காட்சி வந்ததும் அம்மா திரைக்குக் கிட்டே போனாள். இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றியோரம் வைத்து நெட்டி முறித்தாள். வேனோடு வந்திருந்த எங்கள் ஊர்க் கட்சிக்காரர்கள் விசிலடித்தார்கள்.

"பாருய்யா, தலைவருக்கு திஷ்டி கயிக்குது! இன்னா மச்சான், ஊட்டுக்காரம்மா இங்க வந்துட்டாங்க, நீ எப்போ?"

சண்டைக்கு முந்திக்கொள்ளும் அப்பா, சும்மா தலையை ஆட்டினார்.

திரும்பும்போது கேட்டேன், "நைனா, நாம கட்சி மாறிட்டமா?" அவர் பெடலையே மிதித்துக்கொண்டிருந்தார். "அவரு சொன்னது என் பேரு இல்லியே?" என்றேன். பின்னாலிருந்து அம்மா, "கம்முனு வா" என்றாள்.

பெரியவர் வாயால் பெயர் வைத்தால் ஆயுசு கெட்டி என்று, கட்சி பாராமல் அவள் நீட்டிய குழந்தை அது. எனக்கு முன்னால் பிறந்து, நடை பழகும் முன்பே போய்விட்ட அண்ணன். வீட்டில் அவனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அப்படி ஒருவன் இருந்ததே அன்று எனக்குத் தெரியாது.

அம்மா கட்சி மாறினாள் என்றுதான் ஊரில் இன்றும் பேச்சு. படிக்கிறவர்கள் யாரிடமாவது இதைச் சொன்னால், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அவள் நெட்டி முறித்தது தலைவருக்கு இல்லை.