நான்கு பார் மௌனம்

நான் எழுதிய இசை முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது, வாசித்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். நான் திருச்சுழி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய எஸ்.டி.டி. பூத்துக்குள் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊரில் இந்தத் தொழிலை இப்படித்தான் செய்ய முடிந்தது. செய்தது நான் ஒருத்திதான் என்பதால், வேறு வழி உண்டா என்று விசாரிக்கவும் ஆள் இல்லை.

சுருக்கெழுத்து

மதுரையில் பள்ளிக்கூட நாட்களிலேயே வயலினும் மேற்கத்திய இசையைத் தாளில் எழுதும் நொட்டேஷனும் கற்றிருந்தேன். எண்பதுகளின் நடுவில், திருச்சுழியில் தானியக் கடை வைத்திருந்த குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். வாரத்தில் சில நாள் அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுப்பேன். மற்ற நாட்களில் மதியம் கடை மாடியில் உட்கார்ந்து எழுதுவேன்.

ஐந்து கோடும் புள்ளிகளுமாகக் கிடந்த தாள்களைப் பார்த்தவர்கள், அது சுருக்கெழுத்து என்று முடிவு செய்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் தன் மகளை என்னிடம் ஷார்ட்ஹேண்ட் படிக்க அனுப்பலாமா என்று கேட்டார்.

"இது மியூசிக்குண்ணே" என்றேன்.

"எந்தப் படத்துக்கு?"

"படத்துக்கு இல்ல."

"அப்ப யாரு பாடுவாக?"

"யாரும் பாட மாட்டாங்க. வாசிப்பாங்க."

"யாரு வாசிப்பா?"

வாசிக்க ஆள் கிடைக்கப் பல வருடங்கள் ஆனது.

என் கணவர் ராஜேந்திரனுக்கும் நான் எழுதுவது புரியாது. ஆனால் லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போகும்போதெல்லாம், கேட்காமலே நொட்டேஷன் தாள் வாங்கி வந்துவிடுவார்.

பூத்து

சென்னையில் சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வாசிக்கும் நான்கு பேர், ஓய்வு நாட்களில் ஆசைக்காகச் சேர்ந்து வாசிப்பார்கள். இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்பது இதுதான். முதல் வயலின்காரர் தாமஸ் சார்தான் தலைவர். நால்வருக்கும் சேர்த்து நான் எழுதிய நொட்டேஷனை, அதாவது ஸ்கோரை, அவருக்கு அனுப்பியிருந்தேன். அடுத்த கச்சேரியில் வாசிப்பதாகத் தகவல் வந்தது. கூடவே, ஒத்திகைக்கு வரச் சொன்னார். மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டிருந்த நேரம். போக முடியவில்லை. கடை போனில் எஸ்.டி.டி. கிடையாது. அதனால்தான் பூத்து.

"அம்மா, ஒரே ஒரு பிரச்சினை" என்றார் தாமஸ் சார். "நடுவுல நாலு பார் எல்லாருக்கும் ரெஸ்ட் போட்டிருக்கீங்க. ஸ்லோ டெம்போல அது ரொம்ப நேரம். முடிஞ்சு போச்சுன்னு ஆடியன்ஸ் எழுந்துடுவாங்க. தூக்கிடலாமா?"

பார் என்பது ஏறக்குறைய ஒரு தாள ஆவர்த்தனம்; ரெஸ்ட் என்றால் வாசிக்காமல் இருப்பது.

"வேண்டாம் சார். அது இல்லேன்னா அதுக்குப் பின்னால வர்றது நிக்காது."

"எங்க ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. வாசிச்சுக் காட்டறேன். கேட்டுட்டுச் சொல்லுங்க. இன்னைக்கு முடிவாகலேன்னா இந்தக் கச்சேரில வேண்டாம். அப்புறம் பார்ப்போம்."

அவர் சொன்ன 'அப்புறம்' எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும்.

ரிசீவரை ஒரு ஸ்டூலில் வைத்துவிட்டு வாசித்தார்கள். செல்லோவின் கீழ்ச்சுரங்கள் எதுவும் என் காதுக்கு வரவில்லை. வயலின்கள் தகரத்தில் கீறுவதுபோல வந்தன. ஆனாலும் அது நான் எழுதியதுதான். பிறகு மௌனம் வந்தது. இரண்டு பார் வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை. "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டேன்.

அங்கே வாசிப்பு நின்றது. "பாத்தீங்களா? எழுதின உங்களுக்கே தாங்கல" என்றார் தாமஸ் சார்.

"லைன் கட்டாயிருச்சுன்னு நெனச்சேன் சார். இன்னொரு தடவை."

அதற்குள் வத்தல் வியாபாரி சண்முகம் பூத்துக் கதவைத் தட்டினார். அவருடைய லாரி மதுரையில் நின்றது. மண்டியில் பேசி இறக்கச் சொல்ல வேண்டும்.

"ஏந்தாயி, பேசவும் மாட்டேங்கிறீக, வெக்கவும் மாட்டேங்கிறீக. லோடு நிக்கிதும்மா!"

"ரெண்டு நிமிஷம்ணே."

மறுபடியும் மௌனம் வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் கதவைத் திறந்தார். "லைன் போச்சு. இங்க குடுங்க" என்று ரிசீவரை வாங்கிக் காதில் வைத்தார். நான் தடுக்கவில்லை. தடுத்தால் சத்தம் கேட்கும்.

அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போகலம்மா. ஆளு இருக்காக. மூச்சு விடுற சத்தம் கேக்குது." குரலைத் தானாகவே தாழ்த்திக்கொண்டார். "இந்தா, எல்லாரும் ஒண்ணா இழுக்காக."

சொல்லி முடிப்பதற்குள் நான்கு வாத்தியங்களும் சேர்ந்து கிளம்பின. அவர் திடுக்கிட்டு ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"சார், நாலு பாரும் இருக்கட்டும்" என்றேன். "ஆனா வில்லைக் கீழ இறக்காதீங்க. தந்திகிட்டயே வச்சிருங்க. இன்னும் முடியலேன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா யாரும் எழுந்திருக்க மாட்டாங்க."

அங்கே தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். கடைசியில், "சரிம்மா, பாத்துடலாம். நீங்க நேர்ல வந்து உட்காரணும்" என்றார்.

வெளியே வந்ததும் சண்முகம் அண்ணன், "யாருக்கும்மா மேலுக்குச் சரியில்ல?" என்று கேட்டார்.

சென்னை

கச்சேரிக்குள் மாமியாருக்குக் கட்டுப் பிரித்தாகிவிட்டது. நானும் கணவரும் போனோம். சின்ன ஹால். பாதி நாற்காலிகள் காலி. இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பெண் பார்க்க வந்தவர்போல அவர் விறைப்பாக இருந்தார்.

செல்லோ அன்றுதான் எனக்கு முழுதாகக் கேட்டது. மௌனம் வந்தது. நான்கு விற்களும் தந்தியருகே நின்றன. ஹாலில் ஒருவரும் அசையவில்லை. நான் நினைத்தது சரிதான் என்று தோன்றிய அந்த நேரத்தில், ஒருவர் மட்டும் பலமாகக் கைதட்டினார்.

என் கணவர்.

நான்கைந்து தட்டு தட்டிய பிறகுதான் மேடையைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. தாமஸ் சார் வில்லை இறக்கவில்லை. தட்டல் அடங்கும்வரை காத்திருந்து, மூச்சை இழுத்துத் தொடங்கினார். மிச்சமும் நன்றாகவே போனது. முடிந்ததும் எல்லோரும் தட்டினார்கள். இவர் மட்டும் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன் சரோஜா. மொத ஆளாத் தட்டணும்னு ஊர்லருந்தே நெனச்சுக்கிட்டு வந்தேன்" என்றார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை வருடமும் கடை மாடியில் எழுதியதற்கு விழுந்த முதல் கைதட்டல் அது.

இசை எழுத வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். ஒத்திகைக்கு நேரில் போங்கள். மௌனம் எழுதினால், அப்போது வில் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் ஸ்கோரிலேயே எழுதுங்கள். அந்த மௌனம் எங்கே வருகிறது என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.