ஆற்றோரம்தான் வேண்டும் என்றார்

போன வருடம் பள்ளி விடுமுறையில், கிள்ளானிலிருந்து மலைப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போனபோது நடந்தது இது. என் கணவர் மேருவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் ஆபீசில் வேலை செய்கிறேன். ஒரே மகள், இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். எங்கள் வீட்டில் சுற்றுலா என்றால் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு, இரண்டு புடவைக் கடை, திரும்பி வரும்போது நெரிசலில் ஒரு சண்டை. அவ்வளவுதான். அப்படி இருந்த மனிதருக்குத் திடீரென்று காட்டு ஆசை எங்கிருந்து பிடித்துக்கொண்டதோ தெரியவில்லை. கூடாரம் வாங்கி வந்து ஹாலில் விரித்து, உள்ளே படுத்து, என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை.

எங்கே தங்குவது என்பதில் வீடே இரண்டுபட்டது. ஆற்றுக்கு மேலே மேடான இடத்தில் டுரியான் தோட்டத்துக்குள் ஒரு முகாம் இருந்தது. கழிவறை, குளியலறை எல்லாம் உண்டு, கார் பக்கத்திலேயே நிற்கும். என் ஓட்டு அதற்கு. இன்னொன்று மலை முகட்டில், மேகம் வந்து முகத்தில் மோதும் என்று வீடியோவில் காட்டினார்கள். அங்கே போனில் லைன் இல்லை என்று தெரிந்ததும் மகள் அதைத் தள்ளிவிட்டாள். அவருக்கோ மூன்றாவதுதான். ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நுழைந்து பள்ளத்தாக்குக்குள் ஓடும். அதற்குச் சற்று முன்னால் கரையில் மணல்திட்டு. நாள் தவறாமல் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

"டாய்லட் பக்கத்துலதான் படுக்கணும்னா வீட்லயே படுக்கலாம் லா" என்றார். அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

ஒரு சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் கணுக்கால் வரைதான், கண்ணாடியாக ஓடியது. இருந்தாலும் எனக்கு மனசு ஒட்டவில்லை. மேலே போய்விடலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவள், கரையில் ஒரு மரத்தடியில் சூலத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். சிவப்புத் துணி சுற்றிய சூலம், முன்னால் அகல் விளக்கு, வாடிய செவ்வரளி. முனியாண்டி. எங்கள் பக்கம் காட்டோரத்தில் முனியாண்டி நின்றால், இங்கே நம் ஆட்கள் புழங்கியிருக்கிறார்கள், இடத்துக்குக் காவல் இருக்கிறது என்றுதான் நினைப்போம். 

"பாத்தியா, நம்ம சாமி முன்னாடியே வந்து எடம் புடிச்சு வச்சிருக்காரு" என்று அவர் சிரித்தார். சூடம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, ஒரு ராத்திரி தங்கிக்கொள்கிறோம் ஐயா என்று மூவரும் கும்பிட்டோம். அதன்பிறகு நான் கழிவறைப் பேச்சையே எடுக்கவில்லை.

கூடாரம் போட்டு முடித்து, டீ குடித்தோம். ஆற்று நடுவிலிருந்து கூடாரத்தைப் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அவருக்கு ஆசை. சப்பாத்தைக் கழற்றிக் கூடாரத்து வாசலில் வைத்துவிட்டு, கல் கல்லாகத் தாண்டி நடு ஆற்றுப் பாறையில் ஏறி நின்றார்.

"சிரிங்க லா, ரெண்டு பேரும்!"

நாங்கள் சிரித்தோம். மகள்தான் முதலில் சொன்னாள், தண்ணீர் ஏன் டீ மாதிரி ஆகிறது என்று. பார்த்தால் சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன. எங்கள் தலைக்கு மேலே வெயில். மழை பெய்தது எங்கேயோ மலை உச்சியில். அந்தத் தண்ணீர் மொத்தமும் சேர்ந்து ஒரே அடியாக இறங்கி வருவதைத்தான் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். செய்தியில் எத்தனையோ தடவை கேட்ட வார்த்தை. லோரி வருவது போலச் சத்தம் கேட்டது. நான் மகளை இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினேன். திரும்பிப் பார்த்தபோது கூடாரம் இருந்த இடத்தில் தண்ணீர். அவர் பாறை மேல் நின்று எங்களைப் பார்த்து, ஏறு ஏறு என்று கையை ஆட்டினார். அடுத்து வந்த தண்ணீரில் பாறையும் இல்லை, அவரும் இல்லை.

மேல் முகாமிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். தீயணைப்புப் படையின் பொம்பா வண்டி வந்தது. கயிறும் கையுமாக இறங்கினார்கள். ஆனால் அந்தப் பாறைச் சுவர்களுக்குள் தண்ணீர் வடியும்வரை யாராலும் நுழைய முடியாது என்றார்கள். என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையில் நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், ஆனாலும் நினைவுக்கு வரவில்லை. மகள்தான் "நீலம்" என்றாள். எதற்கு நிறம் கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும்.

"ஒன்னும் ஆகாது அக்கா" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவரை இனி உயிரோடு பார்க்கப் போவதில்லை என்று எனக்குள் முடிவாகிவிட்டது. வீட்டுக்குப் போய் அந்த ஹாலில் எப்படிக் கால் வைப்பேன், இந்தப் பிள்ளையை என்ன சொல்லித் தேற்றுவேன் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் ஓர் அம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மோட்டார் சைக்கிளை மேலே நிறுத்திவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலும் பூவுமாக இறங்கி வந்தவர், கூட்டத்தைப் பார்த்ததும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சூலத்துக்கு விளக்கேற்ற வந்தவர் என்று தெரிந்ததும் நான் உடைந்துபோனேன்.

"ஆன்டி, சாமி இருக்குன்னு நம்பித்தானே இங்க தங்குனோம்? அவரு கைவிட மாட்டாருல்ல?"

அந்த அம்மா ஆற்றைப் பார்த்தபடி சொன்னார்.

"சாமி இருந்த எடம் இல்லம்மா இது. என் மவன் போன எடம். கூட்டாளிங்களோட குளிக்க வந்தான், இதே தண்ணிதான். அதுக்கப்புறம் நான்தான் சூலம் நட்டேன். இன்னொரு புள்ள போவக்கூடாதுன்னு."

எனக்குள் மிச்சம் இருந்ததும் அறுந்துபோயிற்று. எந்த இடத்தைக் காவல் என்று நம்பிக் கும்பிட்டேனோ, அது ஒரு தாய் அழுத இடம். என் கையை உதறப் பார்த்தேன். அவர் விடவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. "அழுவும்மா" என்று மட்டும் சொன்னார். மகளும் நானும் அவர் மடியில் விழுந்து அழுதோம்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது கீழே பள்ளத்தாக்கிலிருந்து விசில் சத்தம் கேட்டது. கூட்டம் எழுந்து நின்றது. உயிரோடு என்று யாரோ மலாயில் கத்தியதும்தான் நான் எழுந்து ஓடினேன்.

ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். தோள்மூட்டு இறங்கியிருந்தது, முகமெல்லாம் சிராய்ப்பு, பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. நான் அவரைக் கட்டிக்கொண்டு என்னென்னவோ உளறினேன். அழுதேன், திட்டினேன், சுற்றி யார் நிற்கிறார்கள் என்ற நினைப்பே இல்லை. அந்த அம்மா பக்கத்தில் வந்து குனிந்தது அப்புறம்தான் தெரிந்தது.

"தம்பி, அந்தப் பாறைக்குள்ள போனதும்... புடிச்சிக்க ஏதாச்சும் இருந்திச்சா?"

என் கணவருக்கு அந்த அம்மாவின் மகன் கதை எதுவும் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொன்னார்.

"இருந்திச்சு ஆன்டி. எடது பக்கம் பெரிய வேர் ஒன்னு. அதத்தான் புடிச்சிருந்தேன்."

"கை நீட்டுனா எட்டுமா?"

"எட்டும் ஆன்டி."

அந்த அம்மா தலையை ஆட்டினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என் கணவரின் நெஞ்சில் போர்த்தினார். பிறகு மேட்டில் ஏறிப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த அம்மாவின் மகனும் அதே தண்ணீரில் போனவன்தான் என்ற விஷயத்தை ஆஸ்பத்திரியில்தான் என் கணவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டாது என்று பொய் சொல்லியிருக்கலாமே என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

மறுபிறவி என்று சொந்தக்காரர்கள் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் சனிக்கிழமை மாலைகளில் அவர் ஹாலில் உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்து மனசு நிறையும்போதெல்லாம், கை நீட்டினால் எட்டும் என்ற பதிலைச் சுமந்துகொண்டு ஒரு தாய் வீடு திரும்பியது ஞாபகம் வந்து, என் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க எனக்கு இன்றுவரை கூச்சமாக இருக்கிறது.