சக்கர நாற்காலிக்கு எவ்வளவு காற்று?

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் அக்கா வீட்டு வாசலில் நின்று, என் காருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன்.

ஆமாம், வீட்டு வாசலில்தான். பெட்ரோல் பங்க்குக்குப் போகும்போதெல்லாம் 'ஏர் அடிக்கிறவரு டீ குடிக்கப் போயிருக்காரு' என்ற பதிலைக் கேட்டு அலுத்துப்போய், சார்ஜ் போட்டுக்கொள்ளும் குட்டி மெஷின் ஒன்று வாங்கிவிட்டேன். தண்ணீர் பாட்டில் அளவுதான். தேவையான காற்றளவை செட் செய்து டியூபை மாட்டினால், அந்த அளவு வந்ததும் தானே நின்றுவிடும். ஒரே குறை... சத்தம்! கடலூரில் எங்கள் தெருவில் இதைப் போட்டால் எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள்.

நான் சிதம்பரம் போனது வேறு வேலையாக. அக்கா போனில் அழுதிருந்தாள். "உங்க மாமா ரொம்ப மாறிட்டாங்கடா. வாசலத் தாண்டறதே இல்ல. டாக்டர்கிட்ட போலாம்னா கத்தறாங்க. நீ வந்து பேசிப் பாரு."

மாமா, அதாவது அக்காவின் கணவர், உரக் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். கம்மாபுரம், பண்ருட்டி என்று பைக்கிலேயே மாவட்டத்தை அளந்தவர். சர்க்கரை நோயால் போன வருடம் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அக்கா சக்கர நாற்காலியைத் தள்ள, கீழ வீதி வரை போய்க் காபி குடித்து வருவார். பிறகு அதுவும் நின்றுபோனது.

நானும் பேசினேன். தன்னம்பிக்கை, யோகா, காலை வெயில்... எதை விட்டேன்? அவர் டிவியைப் பார்த்தபடி 'உம்' கொட்டினார். அவ்வளவுதான்.

தோற்றுப்போய்க் கிளம்பினேன். காரின் முன் டயரில் காற்று இறங்கியிருந்தது. மெஷினைப் போட்டேன்.

ஜன்னலில் மாமாவின் முகம்.

"என்ன மச்சான் அது, இந்தச் சத்தம் போடுது?"

"காத்து அடிக்கிற மெஷின், மாமா."

"சைக்கிளுக்கும் அடிக்குமா?"

"அடிக்கும்."

ஒருமுறை உள்ளே திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்: "இந்த வண்டிக்கு?"

உள்ளே ஓடினேன். நாற்காலியின் பெரிய சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். பொத்தென்று உள்ளே போனது. இரண்டுமே அப்படித்தான்.

அக்கா கரண்டியோடு வந்து நின்றாள். "காத்து இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தள்ள முடியலியேன்னு, என் தோள்பட்டைதான் வீக்காயிடுச்சின்னு நெனச்சிக்கிட்டேன்."

"சொன்னா என்ன பண்ணுவ? சைக்கிள் கடைக்குத் தள்ளிட்டுப் போவ. நான் நடு ரோட்டுல உக்காந்திருக்க, ஒருத்தன் எனக்குக் காத்து அடிப்பான். எல்லாரும் பாப்பாங்க." மாமா தலையைக் குனிந்துகொண்டார். "தள்றப்ப உன் மூச்சு என் தலை மேல அடிக்குது. அதைக் கேட்டுக்கிட்டே ஒரு காபி குடிக்கணுமா?"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

என் டியூப் அந்த வால்வில் உட்காரவில்லை. மெஷினோடு வந்த பெட்டியைத் துழாவினேன். சைக்கிள் வால்வுக்கென்றே சின்னதாக ஒரு பித்தளை அடாப்டர் இருந்தது. டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்த அளவைப் படித்து, அதைத் தாண்டாமல் மெஷினை செட் செய்தேன். ஒரு சக்கரத்துக்கு நான் அடித்தேன். அடுத்ததற்கு மாமாவே கை நீட்டி, "குடு" என்றார்.

சத்தம் நின்றதும் சக்கர வளையத்தைப் பிடித்து ஒரு தள்ளு. நாற்காலி ஹாலைக் கடந்து வாசற்படி வரை போய்விட்டது!

சாயங்காலம் மூன்று பேரும் கீழ வீதிக்குப் போனோம். மாமா தானே தள்ளிக்கொண்டு போனார். கூட நடந்த அக்காவுக்குக் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மேடு வந்த இடத்தில் மட்டும் லேசாகப் பிடித்தாள்.

மெஷினை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். டாக்டரே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. வியாழக்கிழமை மாமாவே அக்காவிடம், 'கெளம்பு, போலாம்' என்றாராம்.

ஒருவர் முடங்கி உட்கார்ந்தால் நாம் உடனே மனதைச் சரிசெய்யக் கிளம்பிவிடுகிறோம். அறிவுரைக்குச் செலவில்லையே! என்ன இடைஞ்சல் என்று கேட்பதுதான் நமக்குத் தோன்றுவதில்லை.

ஆளைப் போட்டு அமுக்குவதற்கு முன், டயரை ஒரு தரம் அமுக்கிப் பாருங்கள்.