அனுமதி கேட்ட ஒரே கதவு

மாமி சுத்த சைவம். அவர் ஒரு சனிக்கிழமை காலை பாரிசின் லா சப்பலில் இறைச்சிக் கடை வரிசையில் நின்று, கொத்திய கோழியிறைச்சி கொஞ்சம் கேட்டு வாங்கியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. பொட்டலத்தை உடம்பில் படாமல் எட்டப் பிடித்துக்கொண்டே கார் து நோர் ரயில் நிலையம் வரை நடந்தார். "ஆருக்கு மாமி?" என்று கேட்டேன். "வந்து பார் பிள்ளை" என்றார்.

மாமி என் அப்பாவின் தங்கை. ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கியே வாழ்ந்தவர். மற்றவர்களின் கதவைத் தட்டி, பதில் வந்த பிறகே உள்ளே போகிற வேலை. ஊரில் அவருடைய காணி இராணுவ வேலிக்குள் போய்விட்டது. காணி உறுதிப் பத்திரம் மட்டும் கையில் இருந்தது. பாரிசிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில் தூரத்தில், காட்டோரம் ஒரு துண்டு நிலத்தை அவர் வாங்கியபோது எல்லோரும் சிரித்தோம். அவர் வேலி அடைத்தார், கேற் போட்டுப் பூட்டினார், மரக்கொட்டில் ஒன்றில் கட்டிலும் அடுப்பும் வைத்தார். சனி இரவுகளில் அங்கேதான் படுப்பார்.

அன்று கொட்டிலைத் திறந்ததும் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். உள்ளே ஒரு ஆந்தை. ஒரு பக்கச் செட்டை முறிந்து, இறகுகள் விரிந்தபடி தொங்கிக் கிடந்தது. ஒரு வாரத்துக்கு முன்னர் வேலியோரம் கிடந்ததாம். வேலை நாட்களில் பெட்டியோடு ரயிலேறி வீட்டுக்குக் கொண்டுபோய், முதல் நாள் மாலைதான் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார். வீட்டில் ஆந்தை வைத்திருப்பது கூடாது என்பார்களே என்றேன். "செட்டை முறிஞ்சதுக்குப் போய் அதெல்லாம் பாக்கிறதே?" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறைச்சியை விரலால் ஊட்டினார்.

மத்தியானம் வெளியே கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். பச்சைச் சீருடையில் இரண்டு பேர் காட்டுப் பக்கமிருந்து வேலியைத் தாண்டி வந்தார்கள். இடுப்பில் துப்பாக்கி. வனவிலங்குக் காவலர்கள். அந்தப் பகுதியில் யாரோ கம்பிக் கண்ணி வைத்து மான் பிடிப்பதாகத் தகவலாம். பாத்திகளுக்கிடையே குனிந்து பார்த்தபடி நடந்தார்கள். மாமி வாளியைக் கீழே வைத்தார்.

"என்ரை காணி. பூட்டித்தானே வைச்சிருக்கிறன். ஆரைக் கேட்டு உள்ளுக்கை வந்தவை? கேள் பிள்ளை."

பிரெஞ்சில் கேட்டேன். மூத்தவர் தொப்பியைக் கழற்றி, மரியாதையாகவே விளக்கினார். நிலத்துக்குள் வர அவர்களுக்கு நீதிமன்றக் கடிதம் தேவையில்லை. கொட்டில் அப்படியல்ல. அங்கே மாமி படுத்தெழும்புவதால் அது வீடு. மாமி சம்மதித்தால் மட்டுமே பார்க்கலாம். சம்மதிப்பாரா?

அப்போது நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். காட்டுப் பறவையை வைத்திருப்பது குற்றம் என்பதும் தெரியும். "மாமி, மாட்டன் எண்டு சொல்லலாம். சொன்னால் அவை போகத்தான் வேணும்" என்றேன்.

மாமி என்னைப் பார்க்கவில்லை. அந்த இடுப்புகளில் இருந்த துப்பாக்கிகளைத்தான் பார்த்தார். "மறிச்சால் பிறகு வேறை மாதிரி வருவினம். பாக்கட்டும்" என்று சொல்லி, தானே போய்க் கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றார். மூத்தவர் என்னிடம் திரும்பி, "சம்மதிக்கிறாரா?" என்று கேட்டார். ஓம் என்று மொழிபெயர்த்தேன். ஒரு சொல்கூடப் பிழையில்லாமல்.

பெட்டியோடு ஆந்தையைக் கொண்டுபோனார்கள். வெறும் இறைச்சி மட்டும் கொடுத்தால் முறிந்த எலும்பு பொருந்தாது, இன்னும் சில நாளில் செத்திருக்கும் என்றார் இளையவர். அவர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம். மாமியை விசாரணைக்குக் கூப்பிட்டு, எச்சரித்து அனுப்பினார்கள். கண்ணி வைத்தவன் அகப்பட்டானா என்று தெரியவில்லை. ஆந்தை பிழைத்ததா என்று கேட்கச் சொல்லி மாமி நச்சரித்தார். மூன்று தரம் தொலைபேசி எடுத்தேன். பதில் சொல்ல ஒருவருமில்லை. அடுத்த கோடையில் அவர் காணியை விற்றார். நானே பத்திரங்களை நிரப்பினேன்.

அந்தச் சட்டம் பிழை என்று என்னால் இன்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை. கடிதத்துக்குக் காத்திருந்தால் கண்ணிகள் அதற்குள் மறைந்துவிடும். ஆனாலும் ஒருவருடைய சம்மதத்தைக் கேட்கும்போது, அவரால் மறுக்க முடிகிறதா என்பதை எந்தப் பத்திரத்தில் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமி இப்போது பாரிசுக்கு வெளியே எபினேயில் எங்களோடு இருக்கிறார். போன வாரம் தண்ணீர் மீற்றர் பார்க்க ஒருவர் வந்தார். குசினிக்குள், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே மட்டும்தான் அவருக்கு வேலை. மாமி அவரைக் கூட்டிக்கொண்டு போய் குசினியைத் திறந்தார், படுக்கையறையைத் திறந்தார், உடுப்பு அலுமாரியைத் திறந்தார், கடைசியில் சாமித் தட்டின் திரையையும் விலக்கிக் காட்டினார். "தேவையில்லை அம்மா" என்று அந்த மனிதர் பிரெஞ்சில் சங்கடத்தோடு சொல்லிக்கொண்டே நின்றார். அதை நான் மாமிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அடுத்த இழுப்பறையைத் திறந்துகொண்டிருந்தார்.