பத்தாவது ஆள்

நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்த்த ஜவுளிக்கடையில் மொத்தம் பத்துப் பேர். பதிவேட்டில் ஒன்பது. பத்து ஆகிவிட்டால் எல்லாருக்கும் இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். கடைசியாகச் சேர்ந்தவள் நான். அதனால் ஆறு வருஷமாக நான் அங்கே வேலை பார்க்கவே இல்லை.

மற்றபடி முதலாளி நல்ல மனுஷர். ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆளுக்கொரு சேலை தம் கையால் தருவார். கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வோம். போன வருஷம் விற்காமல் கிடந்த சேலை என்று மடித்து வைத்த எங்களுக்குத் தெரியாதா?

நின்று நின்றே என் இடது காலில் நரம்பு புடைத்துவிட்டது. ஆபரேஷன் செய்யாவிட்டால் புண்ணாகிவிடும் என்றார் டாக்டர். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் செலவில்லை. கேட்டேன்.

"ஒனக்கு ஒண்ணுன்னா நான் இல்லியா மக்கா? அட்டை எதுக்கு?" என்றார் முதலாளி. நன்றி சொல்லிவிட்டு மறுபடி போய் நின்றேன்.

ஆய்வுக்கு ஆபீசர் வருகிற சேதி பக்கத்து பேக்கரியிலிருந்து முன்பே வந்துவிடும். உடனே மாடியிலிருந்து ஒன்பது ஸ்டூல் இறங்கும். வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்பது கேரளச் சட்டம். சட்டம் வரும்போது மட்டும் உட்காருவது எங்கள் கடை வழக்கம். எனக்கு ஸ்டூல் கிடையாது. யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றி, பையைத் தோளில் மாட்டி, சேலை எடுக்க வந்தவளாக மெத்தை நாற்காலியில் உட்கார வேண்டும். "மேடத்துக்கு சாயா எடுங்க" என்பார் முதலாளி. எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

அன்றைக்கு வந்த ஆபீசர் ஒரு பெண். நான் ஒரு பட்டுச் சேலையைப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினேன். கை சும்மா இருக்கவில்லை. கரையோடு கரை சேர்த்து, முந்தி மேலே வரும்படி மடித்து, தட்டி அடுக்கில் வைத்துவிட்டு, அடுத்ததையும் எடுத்தது. விரித்ததை அப்போதே மடிக்காவிட்டால் திட்டு விழும் என்று பழகிய கை.

"சேச்சி எந்தினா சாரி மடக்குன்னே?" என்றார் ஆபீசர். வாங்க வந்தவள் ஏன் சேலையை மடிக்கிறாள் என்று அவருக்குச் சந்தேகம்.

"பழக்கமாக்கும் மேடம்" என்றேன். வாயும் கையோடு சேர்ந்துகொண்டது.

ஆபீசர் என்னையும் சேர்த்துப் பத்து என்று எழுத, கடை இ.எஸ்.ஐ.க்குள் வந்தது. முதலாளி கோபப்படவே இல்லை. "காலு சரியாவட்டும், அதுவரைக்கும் வீட்டுல இரி மக்கா" என்று அன்பாக அனுப்பிவைத்தார். பிறகு அவர் ஆபீசுக்கு அனுப்பிய பட்டியலில் என்னை விட்டு ஒன்பது பெயர். ஒருமுறை உள்ளே வந்த கடை ஆள் குறைந்தாலும் வெளியேற முடியாது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்பது பேருக்கும் அட்டை கிடைத்தது. அதன் பிறகு எதிர்க்கடைக்கு ஒருத்தியும் ஓடுவதில்லை என்று இப்போது பெருமை பேசுகிறாராம்.

என் ஆபரேஷனுக்குக் கம்மல் போயிற்று. எனக்கு எரிந்தது, இன்னும் எரிகிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு அங்கேயே சேலை எடுக்கப் போனேன். பழைய தோழி ஸ்டூலை விட்டு எழுந்து வந்து விரித்துக் காட்டினாள். பிடிக்காததை மடிக்கத் தொடங்கினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மடிக்காத மக்கா. இப்பம் நீ நெசமாவே கஸ்டமராக்கும்."